மைல்கல்லில் இருந்த மஞ்சள்

மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடி வீடு, தி.நகரில் பாத்திரக் கடை, பின்னாலேயே குடோன், சைதாப்பேட்டையில் கல்யாண மண்டபம். எல்லாம் நான் கட்டியது. அப்பன் சொத்து ஒரு செங்கல்கூடக் கிடையாது. படித்தது அஞ்சாவது, அதுவும் பாதி. எவனாவது வந்து என் முன்னால் நின்று பேசட்டும்.

ஆரம்பம் சைதாப்பேட்டையில், ரோட்டோரத்து மைல்கல் பக்கம். வெள்ளைக்காரன் காலத்துக் கல். அங்கேதான் நானும் என் சம்சாரமும் தள்ளுவண்டியில் பாத்திரம் விற்றோம். 'மைல்கல் கடை' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள், நாளைக்குக் கல்லைப் பிடுங்கிவிடுவோம் என்றார்கள். கத்திப் பார்த்தேன். ஒருத்தனும் மதிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் கல் முழுக்க மஞ்சள், அதன்மேல் மூன்று விரலால் இழுத்த குங்குமம், உச்சியில் கதம்பம். என் சம்சாரம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சொம்பு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பொக்லைன் டிரைவர் இறங்கி வந்தான். "இன்னாம்மா இது? நேத்து வெறுங்கல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து நீ செருப்பு போட்டுகினு பாத்த, நைனா. அதான் தெர்ல."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ரோடு கல்லைச் சுற்றி வளைந்து போனது. அந்த வளைவு இன்றும் இருக்கிறது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நான் மஞ்சள் குழைத்துக் கொடுப்பேன், அவள் பூசுவாள். மண்டபம் கட்டிய பிறகும் காரில் வந்து இறங்கிப் பூசினாள். பூசிப் பூசி, அவள் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள் தடித்து நின்றது.

போன ஆடியில் அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை கிண்ணத்தில் மஞ்சளோடு போனேன். கல் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் கம்பி வேலி, ஒரு பலகை. பழைய சின்னங்களைக் காப்பாற்றுகிற அறக்கட்டளையாம். பிரஷ்ஷோடு நின்ற பெண் பதறினாள்.

"தொடாதீங்க அங்கிள்! ஒட்டியிருந்த மஞ்சளை எடுக்கறதுக்குள்ள உசுரே போயிடுச்சு."

அந்தப் பெண்மேல் தப்பில்லை. கல்லில் வெட்டிய எழுத்து இப்போதுதான் படிக்க வருகிறது. வேலி இருப்பதால் லாரி மோதாது. நல்ல வேலைதான். ஆனால் என் சம்சாரத்தின் புடவை வீட்டில் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. அவள் விரல் தடம் அந்த மஞ்சளில் மட்டும்தான் இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். இத்தனை கட்டின நான்.

பலகையில் 'எங்களால் பாதுகாக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். கீழே இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். இந்தக் கல்லை முதலில் காப்பாற்றியவள் ஒரு பாத்திரக்காரி என்று எழுதுங்கள். பேர்கூட வேண்டாம். அடுத்த வரியில் என்னையும் போடுங்கள். மஞ்சள் குழைத்துக் கொடுத்தவன் நான்.