கிணற்றடித் தேக்கு

ஸ்பிரிட் வாசனை அடித்தால் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். எனக்குக் கும்மிடிப்பூண்டி வரும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், அங்கே இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே, தேக்கங்கன்றுகளைப் பாட்டிலில் வளர்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். வெளியே வானமே துருப்பிடித்திருக்கும். உள்ளே ஒரு தூசி நுழைந்தால் கொலைக்குற்றம். ரயிலில் கசங்கி வந்து, ஸ்பிரிட்டில் கைகழுவி, முகமூடி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நானே எனக்கு டாக்டராகத் தோன்றுவேன். நோயாளிகள்தான் பெரும்பாலும் பிழைக்கவில்லை.

பொதட்டூர்பேட்டை பக்கம் ஒரு நெல் விவசாயியின் கிணற்றடியில் நின்ற தேக்கு, நாங்கள் பார்த்ததிலேயே நேரானது. அதன் மொட்டைக் கிள்ளிவந்து பாட்டிலில் வைத்து, அதே மரத்தை ஆயிரக்கணக்கில் எடுப்பது திட்டம். ஆனால் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சீர் கட்டில் அந்த மரத்தில்தான். மரம் போனால் திட்டமும் போச்சு, அநேகமாக நானும். பாட்டிலில் துளிர்க்கும்வரை வெட்டாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

முதிர்ந்த மரத்தின் மொட்டு சாறு கக்கி, பாட்டிலில் அதற்கு உணவாக ஊற்றியிருந்த ஊட்டக்கூழைக் கறுப்பாக்கிவிட்டுச் செத்தது. மறுபடி கிள்ளிவந்தேன், மறுபடி செத்தது. ஒருநாள் அவரே வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா நைனா, டிகாஷன் போட்டு வெச்சிகீறே?”

சம்பந்தி வீட்டார் நெருக்குவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், சீக்கிரமே மரத்தை வெட்டிவிட்டார். துக்கத்தில் அன்று நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான், கேண்டீனில் பிரியாணி.

பிறகு கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது, அடிக்கட்டை தழைத்துவருவதாகச் சொல்லி, ஆடு மேய்வதற்குள் வேண்டுமா என்று கேட்டார். வெட்டிய கட்டையில் கிளம்பும் துளிர் இளசு, பாட்டிலில் எளிதில் வளரும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். அன்றைக்கே அவரோடு பஸ் ஏறினேன்.

இந்த முறை துளிர்கள் பிழைத்தன. கல்யாணம் முடிந்து வந்தவர், பாட்டில் அடுக்கின் முன்னால் நின்று, இதில் தன் மரம் எது என்றார். எல்லாமே என்றேன். தொட்டுப் பார்க்கவா என்றார். கை பட்டால் கிருமி சேரும் என்றேன்.

“எம் மரம். நான் தொட்டா கெட்டுப்பூடுமா?”

அறிவியலில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. மூடியைத் திறந்து நீட்டினேன். நகத்தில் மண் ஏறிய விரலால் ஓர் இலையைத் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பாட்டிலில் பூஞ்சை வந்தது, வராமல் எப்படி? அலமாரியிலிருந்து அதை அகற்றத்தான் வெகுநாள் மனம் வரவில்லை.