பூச்சியத்தைத் தாண்டாத முள்

என் கணவர் சரக்குக் கப்பல் ஒன்றின் எஞ்சின் அறையில் வேலை செய்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு விடுமுறைக்கு எங்கள் ஊரான வேலணைக்கு வந்தபோது, எனக்கு ஒரு சேலையும் பழந்துணியில் சுற்றிய, முள் வைத்த வட்டமான மீற்றர் ஒன்றும் கொண்டுவந்தார். ஏதோ துறைமுகத்தில், உடைக்கப் போட்டிருந்த காரிலிருந்து கழற்றியதாம். அந்தக் காரில் எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் பம்பு ஒன்று இருந்ததாம். முள் பூச்சியத்துக்கு வலப்பக்கம் போனால் பம்பு ஊதுகிறது; இடப்பக்கம் போனால் எஞ்சின் தானாக உறிஞ்சுகிறது.

எங்களுடையதோ மாமா வாங்கித் தந்த பழைய இங்கிலாந்துக் கார். அதில் பம்பு எதுவும் இல்லை.

"பிறகென்னத்துக்கு இது?" என்றேன்.

"எஞ்சின் மூச்சு இழுக்கிறதைப் பாக்கலாம். நீர் வலப்பக்கத்தை மறந்துவிடும்."

ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் தகரத் துண்டொன்றில் மீற்றரைப் பூட்டி, மெல்லிய றப்பர் குழாயை எஞ்சின் பக்கம் கொண்டுபோனார். ஸ்ராட் செய்தோம். முள் அசையவில்லை. எக்சிலேற்றரை மிதித்தால் மட்டும் சோம்பலாக இடப்பக்கம் நகர்ந்தது. காலை முழுவதும் பொனட்டுக்குள் குனிந்திருந்தவர், மத்தியானம் தலையை நிமிர்த்தினார்.

"பிழையான இடத்திலை குழாயைக் குடுத்திட்டன். பெற்றோல் கலக்கிற காபரேற்றருக்குக் கீழை, எஞ்சின் பக்கமாக் குடுத்திருக்கவேணும்."

அடுத்த நாள் அந்த இடத்தில் துளை போட்டு, குழல்போன்ற பித்தளைத் துண்டு ஒன்றை முறுக்கி, அதில் குழாயைச் செருகினார். இப்போது முள் இடப்பக்கம் போனது. ஆனால் காய்ச்சல்காரனின் கைபோல நடுங்கியது.

"எங்கையோ வெளிக்காத்து உள்ளுக்குப் போகுது," என்றார்.

மிச்சமிருந்த குழாய்த் துண்டின் ஒரு நுனியை என் காதில் வைத்து, மறு நுனியை எஞ்சினின் பொருத்துகள் மேல் மெல்ல நகர்த்தினேன். கண்ணை மூடியிருந்தேன். கடலுக்குள் முங்கியதுபோல இருந்தது. கோழியும் காகமும் வெகுதூரம் போய்விட்டன. பித்தளைத் துண்டின் அடியில் யாரோ இரகசியம் சொல்வதுபோல ஸ்ஸ் என்றது.

"இஞ்சை."

அவர் அந்த இடத்தில் துணி கழுவும் சவர்க்காரத்தை நனைத்து அப்பினார். முள் அப்படியே அமைதியாகிவிட்டது. பிறகு துண்டைக் கழற்றி, பெயின்ரில் தோய்த்த நூலைச் சுற்றி, திரும்ப இறுக்கினார்.

பெயின்ற் காய்ந்த பின், ஒரு பின்னேரம் மண்கும்பான் கடற்கரைக்குப் போனோம்.

"நீர் ஓட்டும்," என்றார்.

தெருவில் எங்கள் காரைத் தவிர வேறொன்றும் இல்லை. பனைகளுக்கு அப்பால் கடல் வெளுத்து, வானத்தோடு ஒட்டிக் கிடந்தது. அவர் கடலைப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். எக்சிலேற்றரை அடிவரை மிதித்தேன். முள் எழுந்து பூச்சியத்தில் நின்றது.

"அங்காலை போகாதோ?"

"ஏலாது. பம்பு இருந்தாத்தான் போகும். இப்ப காலை எடும்."

எடுத்தேன். முள் இடப்பக்கம் ஆழமாக விழுந்தது. எனக்கே மூச்சு இழுபட்டதுபோல இருந்தது.

கடற்கரையில் எஞ்சினை நிறுத்தவில்லை. இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்னார்:

"கப்பலிலை சுவர் முழுக்க மீற்றர்தான். பகலோ இரவோ தெரியாது. தனிய நிண்டு முள்ளுகளைப் பாத்துக்கொண்டிருப்பன். ஒருநாளைக்கு ஒரு முள்ளையாவது உம்மோடை இருந்து பாக்கவேணும் எண்டு நினைச்சனான்."

அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கையில் பெயின்ற் மணம்.

"திரும்பிப் போகத்தான் வேணுமோ?" என்று கேட்டேன்.

"இந்த முறை போகவேணும்," என்றார். "ஒப்பந்தம் இருக்கு."

போனார். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகக் காரை ஓட்டினேன். முள்ளோடு கதைத்துக்கொண்டே போவேன். குழாயின் நுனி வெடித்து முள் ஆடியபோது, வெடித்ததை நானே வெட்டியெறிந்துவிட்டுச் செருகினேன். ஒப்பந்தம் முடிந்து வந்தவர், பிறகு கப்பலுக்குப் போகவில்லை. ஊர்காவற்றுறையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தத் தொடங்கினார். காலையில் அவரை நான்தான் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன்.