அக்கா எடுத்துக் கொடுத்த சொற்கள்

அந்த வகுப்பில் இருந்த பதினான்கு பேரில் பதிமூன்று பேருக்கு இருபத்திரண்டு வயது. பதினான்காவது ஆளுக்கு முப்பத்தெட்டு. அதனால் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவள் பெயர் வழங்கவில்லை, எல்லோருக்கும் அக்காதான். பேச்சுப் பயிற்சிப் பிரிவின் பேராசிரியைகூட அவளைவிட ஆறு வயது சின்னவர். ஒருமுறை மறதியாக "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, மகள் ஓரளவு வளர்ந்த பிறகு, திக்குவாய்க்கும் காது கேளாமைக்கும் சிகிச்சை தரப் பயிற்றும் படிப்புக்கு வந்தவள் அவள். பேச்சு அவளுக்குக் கைவந்த சமாச்சாரம் என்று வீட்டிலும் வெளியிலும் பெயர். எதிராளி வாயைத் திறக்கும்போதே மிச்சம் அவளுக்குத் தெரிந்துவிடும். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். "இன்னைக்கு சாயந்தரம் நான்..." என்று அவர் இழுத்தால், "லேட்டா வருவீங்க, மூடி வச்சிடறேன்" என்று இவள் முடித்துவிடுவாள். "நான் வாயை மட்டும் அசைக்கிறேன், பேச்சை நீயே வச்சுக்கோ" என்பார் அவர். மகள் சிரிப்பாள். இவளும் சிரிப்பாள்.

கடைசி ஆண்டு ஆராய்ச்சிக்கு ஒவ்வொரு மாணவரும் திக்கிப் பேசும் ஒருவருக்குப் பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, முன்னேற்றத்தைக் கணக்கிட வேண்டும். அக்காவுக்கு வந்தவர் ஒரு பார்சல் அலுவலகத்தின் கிடங்கில் பதினோரு வருடமாகப் பெட்டி அடுக்குகிறவர். சக தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'மௌனம்'. முன்பக்கக் கவுன்ட்டருக்கு ஆள் எடுக்கிறார்கள், உள்ளே இருப்பவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு, நேர்காணல் உண்டு என்று முதல் நாளே சிரமப்பட்டுச் சொன்னார். பெட்டிகளோடு என்ன கஷ்டம் என்று அக்கா கேட்டதற்கு, பெட்டி பதில் கேட்காது, அதுதான் கஷ்டம் என்றார்.

அவள் கற்றுக் கொடுத்தது நல்ல முறைதான். சொல் சிக்கினால் முட்டி மோதாதீர்கள், நிறுத்துங்கள், மூச்சை விடுங்கள், மறுபடி மெதுவாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு வாரமும் கடைசிப் பத்து நிமிட உரையாடலைப் பதிவு செய்வாள். பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, அவர் பேசும் ஒவ்வொரு அசைக்கும் கையிலிருக்கும் எண்ணியை ஒரு அழுத்து அழுத்துவாள். திக்கிய இடங்களுக்குத் தாளில் கோடு போடுவாள். முதல் வாரம் நூறு அசைக்குப் பதினெட்டு திக்கல். பன்னிரண்டாவது வாரம் நான்கு. பேராசிரியை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கண்காட்சியில் வைக்கலாம் என்றார். அக்கா கிடங்குக்காரரிடம், "தைரியமா போங்க சார், நீங்க ரெடி," என்று சொல்லித் திங்கட்கிழமை நேர்காணலுக்கு அனுப்பி வைத்தாள்.

துறையில் ஒரு விதி உண்டு. ஒருவர் எண்ணியதை இன்னொருவர், முதல் ஆளின் கணக்கைப் பார்க்காமல், மறுபடி எண்ண வேண்டும். அக்காவின் பதிவுகள் வகுப்பில் 'வாலு' என்று பெயரெடுத்த பையனிடம் போயின. செவ்வாய் மத்தியானம் அவன் ஹெட்ஃபோனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, முதல் வாரம் இவர் அறுநூத்தி நாப்பது அசை பேசியிருக்கார். கடைசி வாரம் இருநூத்திப் பத்துதான். அதே பத்து நிமிஷம்."

"மெதுவா பேசக் கத்துக்கிட்டார்டா."

"இல்லக்கா. மிச்சத்தை நீங்க பேசியிருக்கீங்க."

அவன் குத்திக்காட்டவில்லை. தாளில் இருந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அதனால்தான் அது நேராகப் போய் இறங்கியது.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கடைசி வாரப் பதிவைப் போட்டாள். இத்தனை வாரம் அவருடைய குரலை மட்டுமே எண்ணியவள், முதல்முறையாகத் தன் குரலைக் கேட்டாள். "போன வாரம் க..." என்று அவர் நிறுத்துகிறார். அவள் சொல்லிக் கொடுத்தபடி மூச்சு விடுகிறார். "கடைக்குப் போனீங்களா?" என்கிறது அவள் குரல், பாசமாக, துடிப்பாக. ஆமா என்கிறார். "யாரோட?" "த..." "தங்கச்சியோடயா?" ஒரு சின்ன இடைவெளி. பிறகு, "ஆமா."

முதல் நாள் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். உடன்பிறந்தோர்: யாரும் இல்லை. அவளுடைய கையெழுத்துதான்.

இல்லாத ஒரு தங்கையை அந்த மனிதர் அவளுக்காக ஏற்றுக்கொண்டிருந்தார். அந்த "ஆமா"வில் திக்கல் இல்லை. அவளும் அதை எண்ணி, சுத்தமான அசைகளின் கணக்கில் சேர்த்திருந்தாள். காது மடல் சூடேறியது. ஹெட்ஃபோனைக் கழற்றினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்டுவிடும் போல இருந்தது.

அட்டவணையில் விழுக்காடு மட்டும்தான் கேட்கிறார்கள். மொத்த அசை என்றொரு பத்தியைப் போடாமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. வாலுவும் சொல்ல மாட்டான். அன்று மாலை பேருந்தில் வீடு போய்ச் சேரும்வரை அவள் அந்தப் பத்தியை மனதில் போட்டாள், அழித்தாள்.

வீட்டில் கணவர், "நாளைக்குக் காலையில..." என்று தொடங்கினார். அவள் பேசாமல் நின்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை பேராசிரியையிடம் போய்ச் சொன்னாள். தன்னைவிட ஆறு வயது சின்னவர் முன்னால் கைகட்டி நிற்பது பெரிதாகத் தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகு உட்காரச் சொன்னதுதான் தாங்கவில்லை. அவர் வரைபடத்தைக் கையில் எடுத்தார். தானும் ஒரு பதிவைக்கூடக் கேட்கவில்லை, கோடு இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டதாகச் சொன்னார். உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னார். அந்த மனிதரிடம் அக்காதான் சொல்ல வேண்டும் என்றார்.

ஆராய்ச்சிக்கான வாரங்கள் முடிந்தாலும் பயிற்சி நிற்கவில்லை, வியாழக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அவர் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். நேர்காணலைப் பற்றி அவராகவே சொன்னார். அவள் குறுக்கிடாததால் வெகுநேரம் ஆனது. மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். கிடங்கில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது சொல்லில் சிக்கியது. சொல்லிக் கொடுத்தபடி நிறுத்தினார். நிறுத்திவிட்டு, நடுவில் இருந்தவர் முகத்தைப் பார்த்தார், அடுத்த சொல்லை அவர் எடுத்துக் கொடுப்பார் என்று. அந்த ஆள் கோப்பைப் புரட்டினார். இன்னொருவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். நன்றி, போகலாம் என்றார்கள்.

அக்கா தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அறுநூற்று நாற்பதையும் இருநூற்றுப் பத்தையும் காட்டினாள். "தப்பு உங்க மேல இல்ல. நிறுத்தறதை நீங்க கத்துக்கிட்டீங்க. அப்புறம் பேசறதை நான் கத்துக்க விடல," என்றாள். மன்னிப்பும் கேட்டாள். தன் காதுக்கே அது ஒப்பித்த மாதிரி இருந்தது.

அவர் எண்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எனக்கு வேற..."

அடுத்த சொல்லில் உதடு ஒட்டிக்கொண்டது. தாடை நடுங்கியது. கண் ஒருமுறை மூடித் திறந்தது.

அவளுக்கு அந்த வாக்கியம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் வாய்க்குள் அது தயாராகவே இருந்தது. தானே சொல்லிவிட்டால் அவருக்கும் விடுதலை, அவளுக்கும் விடுதலை. தன் அவமானத்தைத் தானே சொல்லிக்கொள்வது, இன்னொருவர் வாயிலிருந்து துண்டு துண்டாக வரக் காத்திருப்பதைவிட எவ்வளவோ சுலபம். மேசைக்கடியில் ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். பார்வையைத் தாழ்த்தக் கூடாது என்று பிடிவாதமாக அவர் முகத்தையே பார்த்தாள். வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவர் நிறுத்தினார். மூச்சு விட்டார். மறுபடி தொடங்கினார்.

"எனக்கு வேற... ம்... மேடத்துகிட்ட... மாத்திக் குடுங்க."

"மாத்தித் தரேன்," என்றாள்.

அவர் போன பிறகு மாற்றல் படிவத்தை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'நேர வசதியின்மை' என்று எழுதுவதுதான் வழக்கம். கட்டமும் அந்த இரண்டு சொல்லுக்குத்தான் போதும். 'பயிற்சி அளித்த மாணவி இவரைப் பேச விடவில்லை' என்று எழுதினாள். எழுத்து கட்டத்தைத் தாண்டித் தாளின் ஓரம்வரை போனது. அதன்கீழ் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிரிவு அலுவலகத்தில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் தட்டில் வைத்தாள்.