கார் நிறுத்தியதற்கு ஐம்பது ரூபாய்

அந்தக் கம்பனியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது, கம்பனியே இப்போது இல்லை. இருந்தாலும் அந்தப் பெயருக்கு ஒரு வரி இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

தலவாக்கலை ஸ்டேஷனை ஒட்டி ஒரு வெற்று நிலம் கிடந்தது. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. வாடகைக்கு ஓட்டும் ஹயர் கார்க்காரர்கள் நாங்கள் எல்லாரும் அங்கேதான் காரை விடுவோம். யாரும் யாரிடமும் கேட்டதில்லை. எழுபத்தேழில் ஆட்சி மாறிய பிறகு இலங்கையில் ஆளுக்கொரு கம்பனி தொடங்கினார்களே, அதில் ஒன்று அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. சுற்றிவர முள்ளுக்கம்பி இழுத்தார்கள். ஒரு தகரக் கொட்டில் போட்டு, டிக்கட் புத்தகத்தோடு ஒருவரை உட்கார வைத்தார்கள். பலகை ஒன்றும் மாட்டினார்கள். கால் மணி நேரம் சும்மா நிற்கலாம், அதற்கு மேல் நின்றால் டிக்கட் எடுக்க வேண்டும், டிக்கட் இல்லாமல் நின்றால் ஐம்பது ரூபாய் தண்டம் என்று அதில் எழுதியிருந்ததாம். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேசத்தான். வாசிக்க வராது. இங்கிலீஷைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

நான் ஓட்டியது என் கார் இல்லை. டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளியின் பழைய மொரிஸ். மாதச் சம்பளத்துக்கு ஓட்டினேன். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஹயரில் பாதி ஒரே வகை. இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்குப் பாஸ்போர்ட் வந்து, கப்பலுக்கு நாள் குறித்து வரும். தோட்டத்திலிருந்து அவர்களையும் டிரங்குப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டேஷனில் விட வேண்டும். அங்கிருந்து ரயில் கோச்சியில் தலைமன்னார், பிறகு கடல். அந்தக் கோச்சிக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. போகிறவர்கள் ஐந்து பேர் என்றால் வழியனுப்ப லயத்து வீட்டு வரிசையே திரண்டு வரும். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் பாடுகிற மாதிரியே பாடி அழுவார்கள். கோச்சி போனபின் வயதானவர்களை மறுபடி தோட்டத்துக்கு ஏற்றிப் போக வேண்டும் என்பதால் எந்த டிரைவரும் நடுவில் காரை எடுக்க மாட்டான். கால் மணி நேரத்தில் அடங்குகிற அழுகையா அது? கம்பனிக்காரனுக்கு அது தெரிந்துதான் அந்த இடத்தைப் பிடித்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்படி எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கடைசியில் என் தங்கச்சியின் முறை வந்தது.

அவள் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் செத்தபின் எனக்கென்று இருந்த இரத்த உறவு அவள் ஒருத்திதான். அவள் புருஷன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நான் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பாஸ்போர்ட் வந்த வாரம் என் அறைக்கு வந்து, "அண்ணே, நீயும் பேரக் குடுண்ணே. ஒண்ணாப் போயிருவோம். அங்க எனக்கு யாரு இருக்கா?" என்று அழுதாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்தது பயம் என்று இப்போது தெரிகிறது. "ஒனக்குப் புருஷன் இருக்கான்ல, அவன் பின்னாடி போ. என்னை ஏன் இழுக்கிற?" என்று கத்திவிட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, எனக்கு அண்ணன் இல்லன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் புறப்படும் நாளன்று நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் முன்சீட்டில் உட்கார்ந்தார். அவள் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளோடும் மூட்டைகளோடும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தலவாக்கலை வரைக்கும் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் அவள் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோச்சியில் ஏறி அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கே கையைப் பிடித்துக்கொண்டால் போதும், சொல்ல வேண்டியது தானாக வந்துவிடும். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் நான் அன்றைக்கு வந்தேன்.

வழக்கமான இடத்திலேயே காரை விட்டேன். புதிதாகக் கம்பி இழுத்திருந்ததைக் கண்டேன், பலகையையும் கண்டேன். வாசல் திறந்துதான் கிடந்தது. பெட்டிகளை இறக்கி பிளாட்பாரத்தில் சேர்த்தோம். லயத்துச் சனங்கள் பஸ்ஸில் வந்து ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். அழுகை தொடங்கிவிட்டது. பெட்டிகளுக்குக் கயிறு கட்டி முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். வழிக்குச் சாப்பிடக் கட்டி வைத்த ரொட்டிப் பொட்டலம் காரிலேயே கிடப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுக்கப் போனேன்.

காரின் பின்சக்கரத்துக்குள்ளே சங்கிலி விட்டு, பக்கத்துத் தூணோடு சேர்த்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

டிக்கட்காரர் கொட்டிலிலிருந்து வந்தார். நம்ம ஆள்தான், தமிழர். நீளக் காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. "டிக்கட் எடுத்தீங்களா?" என்றார். என்ன டிக்கட் என்றேன். பலகையைக் காட்டினார். ஐம்பது ரூபாய் கட்டினால் பூட்டைத் திறப்பாராம். என் சட்டைப்பையில் பன்னிரண்டு ரூபாய் இருந்தது.

"இத்தன வருசமா இங்கதானேங்க நிப்பாட்டுறோம்? எவன் காசு கேட்டான்? தமிழ்ல எழுதாம வச்சா எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"அதெல்லாம் என்கிட்டக் கேக்காதீங்க. மெனேஜர் ஐயா அட்டன்ல இருந்து வந்துக்கிட்டு இருக்காரு. அவருகிட்டச் சொல்லுங்க. அவரு வர்ற மட்டும் இங்கயே நில்லுங்க."

நின்றேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது விளங்காது. எங்கள் தோட்டத்தில் வாரத்தில் ஒருநாள் மத்தியானம் துரை குறை கேட்பார். லயக் கூரை ஒழுகுகிறது, அன்றைய கூலிக்குப் பேர் வெட்டிவிட்டார்கள், எதுவானாலும் அன்றைக்குத்தான் சொல்ல முடியும். அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். கிளாக்கர் ஐயா எட்டிப் பார்த்து "நில்லு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போவார். சில நாள் துரை கூப்பிடுவார். சில நாள் பொழுது சாய்ந்து ஆபீஸைப் பூட்டும்போது "நாளைக்கு வா" என்பார்கள். நடுவில் அப்பா தண்ணீர் குடிக்கக்கூட நகரமாட்டார். நகர்ந்த நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் அந்தக் குறை அதோடு சரி. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. கால் தானாகப் பழகிக்கொண்டது.

டிக்கட்காரர் கொட்டிலுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நான் வாசலில் நின்றேன். அங்கிருந்து பிளாட்பாரம் நூறு அடிகூட இருக்காது. இடையில் ஒரு மரக்கதவுதான், அதுவும் திறந்து கிடந்தது. தங்கச்சியின் பச்சைச் சேலை கூட்டத்துக்குள்ளே தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எனக்கு மெனேஜரிடம் என்ன சொல்வது என்பதிலேயே யோசனை. முதலில் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிறகு சங்கிலி போட இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்க வேண்டும். சிங்களத்தில் மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மச்சான் ஓடி வந்தார். "மச்சான், கோச்சிக்கு மணி அடிச்சிட்டாங்க. வாங்க."

"இந்தா வாறேன் மச்சான். மெனேஜர் வாறாராம். ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."

"ஒங்க தங்கச்சி தேடுது."

"நீங்க போங்க, பின்னாடியே வாறேன்."

ரொட்டிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் என் முகத்தையும் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்தார். பொட்டலத்தோடு திரும்பி நடந்தார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான்.

கோச்சி வந்தது. அழுகை ஒரே கூச்சலாக எழுந்தது. பெட்டிகளை ஏற்றுகிற சத்தம் கேட்டது. நான் ரோட்டைப் பார்த்தேன், மெனேஜரின் ஜீப் வருகிறதா என்று. ஒருதரம் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "ஐயா, இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். டிக்கட்காரர் தலையைத் தூக்காமல், "வருவாரு, நில்லுங்க" என்றார். மறுபடியும் நின்றேன்.

ஜீப் வந்தது. மெனேஜர் இறங்கினார், இளவயது ஆள். நான் மனப்பாடம் செய்து வைத்ததில் பாதியைச் சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். பலகையில் எழுதியிருக்கிறது, காசைக் கட்டிவிட்டுக் காரை எடு, இப்போது போகலாம் என்றார். எல்லாம் இரண்டு நிமிடம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கோச்சி ஊதிவிட்டது.

போகலாம் என்ற பிறகுதான் என் கால் நகர்ந்தது. ஓடினேன். நான் மரக்கதவைத் தாண்டும்போது கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல்களில் கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதில் அவளுடைய கை எது என்று எனக்குத் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "எங்கப்பா போயிருந்த? அந்தப் புள்ள ஒன்னக் கேட்டுக்கிட்டே இருந்துச்சே" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. கம்பனிக்காரன் மேல் ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் அன்றைக்கு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

முதலாளி காசைக் கட்டிக் காரை எடுத்தார். சம்பளத்தில் பிடித்தார். நான் விடவில்லை. கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரைப் பிடித்து இங்கிலீஷில் பெட்டிசம் எழுத வைத்தேன். மூன்று மொழி பேசுகிற ஊரில் பலகையை இரண்டு மொழியில் வைத்தது முதல் பிழை, அடுத்தவன் காருக்குச் சங்கிலி போட்டது இரண்டாவது பிழை என்று எழுதினார். கம்பனி பதில் போடவில்லை. இன்னொன்று எழுதினோம். காசு கட்டியாகிவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை என்று இரண்டு வரி வந்தது. மாஸ்டரே அலுத்துப்போய், "அம்பது ரூபாய்க்கு இவ்வளவு மினக்கெடணுமா தம்பி?" என்றார். நான் ஒற்றைக்காலில் நின்றேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, எட்டு மாதம் கழித்து, தண்டத்தைத் திருப்பித் தருவதாக எழுதினார்கள். பலகையில் தமிழும் ஏறியது. காசை வாங்கக் கொட்டிலுக்குப் போனபோது அதே டிக்கட்காரர், "கொஞ்சம் நில்லுங்க" என்றார். அன்றைக்கும் நின்றுதான் வாங்கினேன்.

அன்றைக்கே தங்கச்சிக்குக் கடிதம் எழுதினேன். அவள் போனபின் நான் அவளுக்கு எழுதிய முதல் கடிதம் அது. மச்சான் நீலகிரிப் பக்கமிருந்து விலாசம் அனுப்பி மாதங்கள் ஆகியிருந்தன. என்ன எழுதுவதென்று தெரியாமல் தள்ளிப் போட்டிருந்தேன். இப்போது எழுத விஷயம் கிடைத்துவிட்டது. சங்கிலி போட்டது, மெனேஜர் வரும்வரை நிற்க வைத்தது, அதனால்தான் வர முடியாமல் போனது, கடைசியில் கம்பனியை ஜெயித்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். கோபத்தால் வராமல் இருக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். காசு திரும்பக் கிடைத்ததைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. அவளுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். அவள் சொல்லச் சொல்ல யாரோ அப்படியே எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் சுகம், குளிர் நம்ம ஊர் மாதிரித்தான், வேலை இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை என்று முதல் பக்கம் போனது. மறுபக்கத்தில் இருந்தது இதுதான்:

"அண்ணே, கோச்சி கொட்டகலை ஸ்டேஷனுக்கு வர்ற மட்டும் நான் எட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன். நீ காரை எடுத்துக்கிட்டு அங்கயாவது வருவேன்னு பாத்தேன். கோவத்துலதான் வரலன்னு நெனச்சேன். நான் சொன்ன சொல்லு அப்படி, அதுனால அத எப்பிடியோ தாங்கிக்கிட்டேன். இப்ப நீ எழுதுனதத்தான் தாங்க முடியல. காரத்தானே கட்டிப் போட்டாங்க? நீ ஏண்ணே அங்க நின்ன?"

பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். முதலாளியின் காரை விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஒரு தடவை எழுதினேன். அது பொய். பூட்டிக் கிடந்த காரை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? கிழித்துப் போட்டேன். நிற்கச் சொன்னார்கள், நின்றேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அதை அவளுக்கு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. நான் எழுதவில்லை. அவளும் அதற்குப் பிறகு எழுதவில்லை.