முறம் அளவு வெளிச்சம்

போன வாரம் காயலான் கடைக்காரர் வந்து வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். தூக்கும்போது அதன் முதுகிலிருந்து ஒரு வாசனை வந்தது. சூடேறி ஆறிய தூசியின் வாசனை, கூடவே லேசாக மீன் கவிச்சி. கவிச்சி என்னுடையதுதான். பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்து, மீனை அரிந்து, குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு, அவசரத்தில் கையைச் சரியாகக் கழுவாமல் அதன் முன்னால் உட்கார்ந்தவள் நான். ஒருமுறை எழுத்துக் கட்டைகளுக்கு நடுவில் செதில் ஒன்று சிக்கிக்கொண்டது. என் மருமகள் கலா ஊசியால் நோண்டி எடுத்தாள்.

"அத்த, வேணும்னா மீனையும் இங்கியே வச்சி ஆஞ்சுடுங்க" என்றாள்.

நீங்களும் சிரிப்பீர்கள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் இருந்தால் வாயே திறக்காதவள், கையில் கோலோடு காடு மலை சுற்றுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை விளையாடினேன். பூதம், குகை எல்லாம் உண்டு. எந்தெந்த ஊரிலேயோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுவார்கள். எனக்கென்று ஒரு பொம்மை உருவம். அதற்குக் கையில்லாத சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். மேலே போர்த்திக்கொள்ள ஒரு துணி கிடைக்காதா என்று அந்த உலகத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். கடைசியில் சாக்கு நிறத்தில் ஒரு போர்வை கிடைத்தது.

விளையாட்டு ஆசையில் போனவள் இல்லை. என் தங்கை அம்சா, பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போனவள். தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. போனில் பேச முடியாது. வீடியோவில் முகம் காட்டவும் மாட்டாள். அவள் மகள் நித்யாதான் எங்கள் இரண்டு பேருக்கும் இதைப் போட்டுக் கொடுத்தாள். இங்கே மத்தியானம், அங்கே காலை. அக்காவும் தங்கையும் காட்டு வழியில் பக்கத்தில் பக்கத்தில் நடப்போம். தமிழில் எழுதினால் வெறும் கட்டம் கட்டமாக விழும் என்று, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவோம். நான் ஒரு வரி தட்டி முடிப்பதற்குள் குழம்பு ஒரு கொதி வந்துவிடும்.

அதில் ஒரு மந்திரம் இருந்தது. போட்டால் தலைக்கு மேலே வெளிச்சம் உருண்டையாக எழும். இருட்டான இடங்களில் அது இருக்கும்வரைதான் பூதம் கிட்டே வராது. அது சுருங்கிப் போய்விட்டால் பூதம் அடித்துப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து போட்டுவிடும். ஆரம்பத்தில் ஒரு தெருவுக்கே போதுகிற வெளிச்சம். ஆட்டம் ரொம்பச் சுலபமாகிவிடுகிறது என்று அதை நடத்துகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வாசல் அளவானது. பிறகு முறம் அளவானது. 'கஞ்சப் பசங்கக்கா' என்று அம்சா தட்டுவாள்.

வெளிச்சம் போனதும் அவள் தட்டுவது ஒரே வார்த்தைதான்: 'மலையேறிடுச்சு.' எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அம்மாவுக்குப் பொறுக்காது. மலையேறியது என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே பிரான்சில் பல்பு போனாலும் அம்சாவுக்கு மலையேறியதுதான் என்று நித்யா கேலி செய்வாள்.

அந்த விளையாட்டில் நிஜமாகவே ஒரு மலையும் இருந்தது. காட்டுக்கு அந்தப் பக்கம், கறுப்பாக. 'உனக்கு ஒடம்பு தேறட்டும், ரெண்டு பேரும் போவலாம்' என்று சொல்லி வைத்திருந்தேன். அம்சாவுக்கு விரல் நடுங்க ஆரம்பித்த பிறகு, அவள் சைகை காட்டக் காட்ட நித்யா உட்கார்ந்து தட்டுவாள்.

ஒரு மத்தியானம் அம்சாவின் பெயரில் வரி வந்தது: 'பெரிம்மா, அம்மா மலையேறிட்டாங்க.'

என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று எனக்குக் கோபம். உடம்பு தெளிந்துவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷமும்தான். 'அங்கியே நிக்கச் சொல்லு, வரேன்' என்று தட்டிவிட்டு மலைக்கு ஓடினேன். வெளிச்சம் காலடியில் மட்டும் விழுந்தது. ஒரு கல் தெரிந்தால் அடுத்த கல் தெரியாது. 'அம்சா எங்க இருக்க' என்று தட்டினேன். பதில் இல்லை. வளைவுக்கு மேலே யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. கிட்டே போனால் பாறை.

உள்ளே கலாவின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அத்த, அத நிறுத்துங்க."

"இருடி. அம்சா மேல இருக்கா."

"அத்த..."

"சின்னதுலயே அவ அப்படித்தான். சொல்லாம கொள்ளாம முன்னாடி ஓடுவா."

கலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு நித்யா ஊருக்கு வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "செத்துட்டாங்கன்னு எழுத கை வரல பெரிம்மா. அம்மா எப்பவும் சொல்றதாச்சே, நல்ல வார்த்தன்னு நெனச்சேன்."

"நல்ல வார்த்ததாம்மா" என்றேன்.

அம்சாவை அங்கேயே எரித்து, அங்கே செய்கிற மாதிரி சாம்பலைப் புல்வெளியில் தூவிவிட்டார்கள். போய் நிற்க எனக்கு ஓர் இடம் இல்லை. அதனால் மத்தியானங்களில் அந்த மலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் அவள் பெயர் மங்கலாகக் கிடக்கும். ஒருநாள் அது பச்சையாக எரிந்தது. நித்யா அவள் பெயரில் திறந்து பார்த்திருப்பாள். நான் அவளிடம் கேட்கவில்லை. 'வந்துட்டியா' என்று தட்டினேன். பெயர் மறுபடியும் மங்கிப் போனது.

ஒவ்வொரு தடவையும் அந்த வளைவு தாண்டுவதற்குள் வெளிச்சம் சுருங்கி, புறப்பட்ட இடத்தில் வந்து விழுவேன். அதற்கு அப்புறமும் குறைத்தார்கள், உள்ளங்கை அளவுக்கு. பிறகு விளையாட்டையே மூடிவிட்டார்கள். கலா எப்படியெல்லாமோ தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்ல அத்த, எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க" என்றாள்.

அந்த வளைவுக்கு மேலே நான் ஒருநாளும் போனதில்லை. அங்கே யாரும் இல்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.