ஏழாவது சாமான்

அட்டைப் பெட்டியின் மூடியில் நான் எழுதிய பட்டியல் இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. ஒன்று, நெய்மீன் கருவாடு. இரண்டு, கருப்பட்டி. மூன்று, தொலி உளுந்து. நான்கு, பூண்டு. ஐந்து, நல்லெண்ணெய். ஆறு, நார்த்தங்காய் ஊறுகாய். ஏழு, பழைய வேட்டி இரண்டு. வண்டூர் வீட்டு முற்றத்தில் படகு எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டபடி அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பெட்டி கப்பலேறி கார் நிக்கோபார் தீவுக்குப் போகவேண்டும். அங்கே நர்ஸாக இருக்கும் அக்கா, கூட வேலை பார்த்த வங்காளியைக் கோயிலில் வைத்துக் கட்டாமல் ரெஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டதிலிருந்து, இரண்டு வருடமாக அப்பா அவளோடு பேசவில்லை. அம்மாவும் இல்லாத வீட்டில் இருவருக்கும் நடுவில் நான்தான். அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று நான் சொன்னபோது அப்பா "ம்" என்றார். மறுவாரம் காலிப் பெட்டி கேட்டார்.

"வேட்டி எதுக்குப்பா?"

"எண்ணெ பாட்டில் உடையாம சுத்தணும்லா."

பாட்டில் பிளாஸ்டிக். வேட்டிகளோ வெந்நீரில் அலசி, துண்டு துண்டாகக் கிழித்து மடிக்கப்பட்டிருந்தன.

நகரத்தில், லம்பா லைன் பகுதியில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்வந்த அந்த நாட்களில் என் முதல் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொண்ட அப்பா, விலகிப் போன மகள். மின்பொறியியல் படித்தவள் நான். வயரிங் வரைபடத்தில் ஒரு கோடு விட்டுப்போனால் விளக்கு எரியாது. கதையும் அப்படித்தான் என்று நினைத்தேன். என் கதையில் அப்பா மனதில் இருப்பதையெல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்குச் சொல்வார். மகளும் அதே அளவுக்குப் பதில் சொல்லி அழுவாள். எதுவும் விட்டுப்போகவில்லை, ஆனாலும் இருவரும் என் குரலிலேயே பேசினார்கள். அதே புத்தியோடுதான் பெட்டியிலும் கைவைத்தேன். பட்டியலின் கீழே எட்டாவதாக எழுதினேன்: அப்பா உன்னை மன்னித்துவிட்டார்.

பெட்டி போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, நான் வண்டூரில் இருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"மன்னிக்கதுக்கு நான் என்னட்டி களவா எடுத்தேன்? அப்பா சொன்னாவளா, நீயா எழுதுனியா?"

"நாந்தான்."

"ஒன் எஞ்சினியர் மூளைய ஒயரோட வச்சுக்கோ. பிரசவத்துக்கு அங்க வரணும்னு இருந்தேன். இனி வரல. பெட்டியும் அடுத்த கப்பல்ல திரும்பி வரும்."

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே ஒன்றை விளக்கித்தான் இந்த நிலைமை. "ஏழாவது சாமான மட்டும் பாத்துட்டு அனுப்புக்கா" என்றேன்.

டேப் கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு துணி உதறும் சத்தம்.

"எண்ணெ பாட்டில்ல சுத்தி வச்சிருக்காவ. பாட்டில் பிளாஸ்டிக்தான?"

"ஆமா."

"அப்ப இத ஏன் கிழிச்சிருக்காவ? பிள்ளைக்கு விரிக்கிற அளவுல்லா இது..." நிறுத்திவிட்டாள். மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது. "அப்பாவுக்கு முட்டு வலி எப்படி இருக்கு? வரும்போது தைலம் எடுத்துட்டு வரணுமான்னு கேளு."

முற்றத்தைப் பார்த்துக் கேட்டேன். அப்பா தலை நிமிரவில்லை. "வேண்டாம். இந்த நேரத்துல வெயிட் தூக்க வேண்டாம்னு சொல்லு." அப்புறம் கிரீஸ் கையைக் கைலியில் துடைத்துவிட்டு போனுக்குக் கை நீட்டினார்.

"ஏட்டி, கப்பல்ல பங்க் கிளாஸ்ல மேல் பெர்த்துக்கு ஏறிராத. கீழ் பெர்த் கேட்டு வாங்கு."

"சரிப்பா. ஜெட்டிக்கு யாரு வருவா?"

"யாரு வருவா? நாந்தான். சலோ, போன வை. சார்ஜ் தீந்துரும்."

என் போனில் சார்ஜ் நிறையவே இருந்தது.

இப்போது அக்கா மகன் ஓடி விளையாடுகிறான். கதையை மூன்றாவது முறையாகத் திருத்தி முடித்துவிட்டேன். ஒன்றரைப் பக்கப் பேச்சையும் மகளின் அழுகையையும் எடுத்துவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லையும்தான். மனிதர்கள் முக்கியமானதை வேறு எதிலாவது சுற்றித்தான் கொடுக்கிறார்கள், பிரித்துப் பார்ப்பது வாங்குகிறவர் பாடு. கதை படிப்பவரின் கையிலிருந்து அதைப் பிடுங்கி நானே பிரித்துக்காட்ட எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

போன மாதம் வந்திருந்தபோது அக்கா அந்தக் கதையைப் படித்தாள். முடித்ததும் தாள்களை மடியில் வைத்தாள்.

"அன்னைக்கு அப்பா அழுதாவளாட்டி?"

கதையில் யாருமே அழவில்லை.

"தெரியலக்கா. போன என்கிட்ட குடுத்துட்டு எஞ்சின் பக்கம் திரும்பிட்டாவ."

அக்கா தாள்களைத் திருப்பி முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.