தக்கை போட்டாச்சு

சனிக்கிழமைக் காலையில் நாங்கள் இப்போது இருக்கும் ஊரின் பூங்காக் குளத்தடிக்குப் புதிதாக யாராவது வந்தால் கொஞ்ச நேரம் திகைத்து நிற்பார்கள். அறுபது தாண்டிய ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கரையில் நின்று ரிமோட்டால் போர்க்கப்பல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு கப்பலும் ஒரு மீற்றர் நீளம் இருக்கும். பொம்மைதான், ஆனால் உண்மையாகவே சுடும். ஒன்று குண்டுபட்டு மூழ்கினால் எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு மூழ்கடித்தவரே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் சேற்றைத் துழாவிக் கப்பலை எடுத்து, உரியவர் கையில் கொடுத்து, "நல்ல கப்பல்" என்று பாராட்டிவிட்டுப் போவார். முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொன்னேன். என் மனைவி நம்பவில்லை.

"நம்மட ஊர்ல தோணி தண்ணிக்குள்ள தாண்டா குழறி அழுவாங்க. இஞ்ச கை தட்டுறாங்களா?"

"ஓம்."

"அப்ப நீங்களும் போய்த் தட்டிட்டு வாங்க."

நான் கை தட்டப் போகவில்லை. கப்பல் கட்டப் போனேன்.

நான் கல்முனைக்குடிக் கடற்கரைக்காரன். வாப்பா, அண்ணனாகிய காக்கா, நான் மூன்று பேரும் பைபர் தோணிகளுக்கு ஓட்டை அடைத்துப் பிழைத்தவர்கள். ஒன்றோடு ஒன்று மோதி வெடித்தது, கல்லில் உரசிக் கிழிந்தது, வெயிலில் பொரிந்தது என்று பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும்கூடத் தோணிகள் கடற்கரைக் கொட்டிலான எங்கள் வாடிக்கு வரும். இப்போது அவுஸ்திரேலியாவில், விக்டோரியாவின் ஒரு சிறிய ஊரில், குளியல் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அதே பிசின், அதே கண்ணாடி நார், அதே மூக்கைத் துளைக்கும் மணம். கடல்தான் மூன்று மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறது. ஒருநாள் வெடித்த தொட்டி ஒன்றை நான் அடைத்த விதத்தைப் பக்கத்து மேசைக்காரர் கிரகாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நீ படகு வேலை தெரிந்தவனா?" என்று கேட்டார். எனக்குப் படகு வேலை மட்டும்தான் தெரியும், தொட்டி இங்கே வந்து பழகியது என்றேன். அந்தச் சனிக்கிழமையே குளத்தடிக்குக் கூட்டிப் போனார். அந்தக் கழகத்தின் செயலாளர் அவர்தான்.

விளையாட்டு இதுதான். பழைய உலகப் போர்க் கப்பல்களைச் சிறிதாக்கிச் செய்ய வேண்டும். பக்கச் சுவர் மட்டும் மெல்லிய பல்சாப் பலகையில் இருக்க வேண்டும், அப்போதுதான் குண்டு துளைக்கும். குண்டு என்பது சைக்கிள் பெயரிங்குக்குள் இருக்கிற மாதிரிச் சின்ன இரும்புருண்டை. காற்றழுத்தத்தால் பீரங்கிக் குழாயிலிருந்து சீறிக்கொண்டு வரும். உள்ளே புகும் தண்ணீரை ஒரு குட்டிப் பம்ப் வெளியே இறைக்கும். இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மோதுவார்கள். நடுவில் கொஞ்ச நேரம் இடைவெளி. அதற்குள் தண்ணீரை வடித்து, ஓட்டைகளை அடைத்து, மறுபடி இறக்க வேண்டும். ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பருவம் முழுவதும் ஒரு தடவையும் மூழ்காத கப்பலுக்குப் பரிசு ஒரு பித்தளை ஆணி. கழக அறைச் சுவரில் ஒரு பழைய பலகை தொங்குகிறது. அதில் ஆணியை அறைந்து கீழே பெயரைப் பொறிப்பார்கள். நான் போனபோது அதில் இரண்டே இரண்டு ஆணிகள் இருந்தன. பார்த்த அன்றே மூன்றாவது எனக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். ஓட்டை அடைத்தே வளர்ந்தவனுக்கு இதில் என்ன பயம்?

காக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை. போனில் சொன்னதும் கத்தினார். "கப்பல் வெடி வெக்கிறத நாம இஞ்ச பாக்காததா? அதப் போய் விளையாட்டெண்டு செய்றியாடா?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் சின்ன வயதில் கடலில் தூரத்தே சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் நின்றால் உம்மா எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவா. தோணிகள் அன்று இறங்காது. அதே சாம்பல் நிறத்தை என் கையாலேயே குழைத்து முதல் பூச்சுப் பூசும்போது கை தயங்கியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் குளத்தில் கப்பலைக் கண்டு யாரும் கதவைச் சாத்துவதில்லை. வாத்துகள் மட்டும் கொஞ்சம் விலகிப் போகின்றன.

கப்பலைக் கொண்டுபோய்க் காட்டிய அன்று கிரகாம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பின்பக்கத்தில், அடியோடு ஒட்டி, சுண்டுவிரல் நுழையும் அளவில் ஓர் ஓட்டை இருந்தது.

"இது என்ன?"

"ஓட்டை."

"அது தெரிகிறது. யார் சுட்டது?"

"நான் போட்டது."

பருவம் முழுவதும் பத்துப் பேர் உன் கப்பலில் ஓட்டை போடப் பாடுபடப் போகிறோம், நீயே ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாயே என்று அவர் சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. எங்கள் ஊரில் ஓட்டை இல்லாத தோணி எது? கரைக்கு இழுத்ததும் பின்பக்க ஓட்டையை அடைத்திருக்கும் தக்கையைப் பிடுங்கினால் உள்ளே நின்ற தண்ணீர் தானாக மணலில் ஓடிவிடும். நான் யோசித்துப் போட்ட ஓட்டை இல்லை அது. கை தானாகப் போட்டது.

முதல் மோதல் முடிந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. மற்றவர்கள் கப்பலைக் கவிழ்த்துக் குலுக்கி, நனைந்த வயர்களை ஊதிக்கொண்டு நின்றார்கள். நான் தக்கையைப் பிடுங்கி, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினேன். ஓட்டைகளை அடைத்து முடித்து, லுஹரும் தொழுதுவிட்டு வந்தபோதும் அவர்கள் ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த மாதமே எதிரணியின் மார்கரெட் தன் கப்பலின் பின்பக்கத்தில் ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற தாதி. குறி தப்பாத கை. அவர் சுட்டு மூழ்காத கப்பல் அந்தக் குளத்தில் என்னுடையது ஒன்றுதான். அவரே என்னைப் பார்த்துப் படித்தது எனக்கு ஆணி கிடைத்த மாதிரியே இருந்தது. பிறகு கிரகாமும் போட்டார். தை மாதம் வருவதற்குள் பாதிக் கப்பல்களில் கல்முனை ஓட்டை. அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் காக்கா காலை வாரிவிட்டிருப்பார்.

ஊரில் தோணி தள்ளுவதற்கு ஒரு முறை உண்டு. ஆறு பேர் பிடிப்பார்கள். பின்பக்கம் நிற்பவர் தக்கையை இறுக்கி, கையால் தட்டிப் பார்த்து, "தக்கை போட்டாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்காமல் முன்னால் நிற்பவர்கள் ஓர் அடி நகர்த்தமாட்டார்கள். குரல் கேட்ட பிறகும் உடனே தள்ளமாட்டார்கள். அலை அடித்து அடங்கும் இடைவெளி பார்த்துத்தான் தள்ளுவார்கள். இங்கே நான் ஒரே ஆள். ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் குளத்தோரம் குனிந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, தக்கையை இறுக்கி, எனக்குள்ளேயே மெல்ல "தக்கை போட்டாச்சு" என்பேன். அதைப் பார்த்துக் கிரகாம் தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார். முழுவதும் நான் துஆ ஓதுவதாக நினைத்துவிட்டார். மனுஷன் மரியாதையாக நிற்கிறார், அதில் பாதி தக்கைக்கு என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிட்டேன்.

ஏப்ரலில் கடைசிச் சனிக்கிழமை வந்தது. என் கப்பல் அதுவரை மூழ்கவில்லை. எத்தனை ஓட்டை வாங்கியது என்று கணக்கில்லை, பக்கச் சுவர் முழுக்க ஒட்டுப் போட்ட சாரன் மாதிரி இருந்தது. ஆனாலும் மிதந்தது. அன்றைய இரண்டு மோதல்களையும் தாண்டிவிட்டால் ஆணி எனக்கு. முந்தின நாளே காக்காவிடம் சொல்லியிருந்தேன். "ஆணியா தாறாங்க? சரி, மிதக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய விஷயம்.

முதல் மோதலுக்கு இறக்கும் நேரம், மார்கரெட் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். தனியாகக் குனிந்து இறக்க முடியவில்லை. "என் கப்பலின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பிடிக்கிறாயா?" என்று கேட்டார். எதிரணிதான், அதற்கென்ன? போய்ப் பிடித்தேன். அவர் தலைப்பக்கம், நான் பின்பக்கம். அவருடைய தக்கையை வாங்கி இறுக்கினேன், தட்டிப் பார்த்தேன். ஒரு கப்பலை இரண்டு பேர் பிடித்தால் என் வாய் சும்மா இருக்குமா? ஊரை விட்டு வந்த பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, குளம் அதிர, "தக்கை போட்டாச்சு!" என்று கத்தினேன். பிறகு என் கப்பலுக்கு வந்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீரில் விட்டேன்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பின்பக்கம் தாழ்ந்து போவதைக் கண்டேன். பம்ப் விடாமல் இறைத்தது. மார்கரெட் நீர்மட்டத்துக்குக் கீழே அடித்துவிட்டார் என்று நினைத்துக் கரையோரம் ஒதுக்கினேன். ஒதுக்க ஒதுக்கப் பாரம் கூடியது. தலைப்பக்கம் மேலே எழுந்து, ஒரு கணம் நின்று, அப்படியே இறங்கிப்போனது. கை தட்டல் எழுந்தது. எழுந்த வேகத்தில் நின்றது. மூழ்கடித்தவர்தானே இறங்கி எடுக்க வேண்டும்? ஒருவரும் இறங்கவில்லை. எல்லோரும் மார்கரெட்டைப் பார்த்தார்கள்.

"நான் இன்னும் அவனைச் சுடவே இல்லையே" என்றார் அவர்.

வியர்வை துடைக்கக் கைக்குட்டை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டேன். என் கப்பலின் தக்கை கையில் அகப்பட்டது.

"நான்தான்" என்றேன்.

காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்தது. அழுகை வந்தது என்றால் நாற்பத்தாறு வயது ஆளுக்கு வெட்கம், ஆனால் வந்தது. கப்பலோடு கரையேறியதும் மார்கரெட், வழக்கத்தை விடக்கூடாது, உனக்கு நீயே சொல்லிக்கொள் என்றார். "நல்ல கப்பல்" என்று சொன்னேன். சிரிப்பும் வந்துவிட்டது. கிரகாம் பக்கச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார். அன்று புதிதாக ஓர் ஓட்டைகூட இல்லை. எதிரி மூழ்கடிக்கவில்லை, ஆகவே ஆணியைக் கொடுக்கலாம், யாருக்கும் ஆட்சேபணையா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். மூழ்கினால் மூழ்கியதுதான், இரக்கப்பட்டு அறைந்த ஆணியைக் காக்காவுக்குக் காட்ட என்னால் முடியாது என்றேன். அந்தப் பருவத்தில் நான் செய்த எதையும்விட அதைச் சொன்னதில்தான் எனக்குப் பெருமை.

இடைவெளியில் கப்பலை வடியவிட்டுக் காக்காவுக்குப் போன் எடுத்தேன். ஊரில் காலை எட்டு மணி, கடற்கரையில் நின்றார். கை ஈரமாக இருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"கொரல் குடுத்த ஆரு?"

"நான்தான் காக்கா. ஆனா மத்தக் கப்பலுக்கு."

"உன்ட கப்பலுக்கு?"

"ஒருத்தருமில்ல. நானே எனக்குள்ள சொல்ற. இண்டைக்குச் சொன்ன மாதிரி நினச்சிட்டன்."

"அதாண்டா. தன்ட தோணிக்குத் தானே கொரல் குடுக்கப்படாது. பின்னுக்கு ஆளில்லாம இவ்வளவு நாள் தள்ளினதே பிழ." பிறகு கேட்டார். "அங்க உனக்கு ஒரு ஆளு இல்லியாடா?"

கிரகாமும் மார்கரெட்டும் பக்கத்திலேயே நின்றார்கள். அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். மொழிபெயர்த்தேன், கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு. குரல் என்றால் என்ன என்று கிரகாம் கேட்க, அதையும் விளக்க வேண்டியதாயிற்று. அவர் முகம் மாறியது.

"அப்படியானால் ஆறு மாதமாக நான் தொப்பி கழற்றியது தக்கைக்கா?"

"பாதி அல்லாஹ்வுக்கு" என்றேன். "மற்றப் பாதி தக்கைக்கு."

இரண்டாவது மோதலுக்கு மணி அடித்தது. ஆணி போய்விட்டது, ஆனாலும் என் அணிக்கு ஆள் வேண்டும். குளத்தோரம் போய்த் தக்கையை எடுத்தேன். பின்னால் நிழல் விழுந்தது. மார்கரெட், கட்டுப்போட்ட காலை நீட்டி, மற்றக் காலை மடித்து, சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்தார். எதிரணிக்காரி. இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னைச் சுடப்போகிறவர். "முன்னால் போ" என்று தக்கையை என் கையிலிருந்து வாங்கினார். இறுக்கினார், தட்டிப் பார்த்தார். சொல்லவேண்டியதை என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, பிறகு தன் பெரிய குரலில் குளம் முழுவதற்கும் கேட்கக் கத்தினார்: "தாக்கே போட்டாட்சூ!" கிரகாம் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நான் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"ஏன் நிற்கிறாய்? தள்ளு" என்றார் மார்கரெட்.

"அலைக்கு" என்றேன்.

அவர் குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை. இரண்டு பேருமாகக் குனிந்தபடி, அலையே வராத அந்தக் குளத்தில், ஓர் அலை அடங்கக் காத்திருந்தோம்.